நெட் வேகமாத்தான் இருக்கு, போனில் குரல் ஏன் உடையுது?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் பழைய லேண்ட்லைனை எடுத்துவிட்டு, இணையம் வழியே பேசும் ஐபி போனுக்கு மாறிய கடைகளும் விடுதிகளும் பட்டறைகளும் நிறைய. மாறிய இடங்களில் திரும்பத் திரும்பக் காதில் விழும் குறை ஒன்று உண்டு: "அண்ணே, வாய்ஸ் விட்டு விட்டு வருது, திரும்பச் சொல்லுங்க." உடனே ‘நெட் ஸ்லோ’ என்று முடிவுகட்டி, 50 எம்பிபிஎஸ் திட்டத்தை 100 ஆக்குகிறார்கள், 100-ஐ 300 ஆக்குகிறார்கள். மாதக் கட்டணம் ஏறுகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் குரல் முன்பு உடைந்த மாதிரியே உடைகிறது.

பேச்சுக்கு வேண்டிய வேகம் மிகக் கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சம் தவணை தப்பாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். திட்டத்தைப் பெரிதாக்குவதற்கு முன் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், கோளாறு எங்கே என்பதைப் பெரும்பாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

## கல் பதிக்கும் கொத்தனார்

செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றப் பகுதியான வளவில் ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலை நடக்கிறது என்று வையுங்கள். தெருவில் இறக்கிய கல்லைச் சித்தாட்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி வருகிறார்கள், கொத்தனார் பதித்துக்கொண்டே போகிறார். இந்தக் கொத்தனாருக்கு மட்டும் ஒரு நிபந்தனை: எதற்காகவும் வேலையை நிறுத்தக் கூடாது. கல் கைக்கு வரவில்லையா, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிட வேண்டும். பிந்தி வரும் கல்லை ஓரமாகப் போட வேண்டியதுதான்.

ஐபி போன் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு வினாடிப் பேச்சை அது 50 துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் 20 மில்லிவினாடிக் குரல் இருக்கும். இந்தத் துண்டுக்குப் பெயர் பேக்கெட். எதிர்முனையில் உள்ள போன் 20 மில்லிவினாடிக்கு ஒன்று என்ற கணக்கில் எடுத்து ஒலித்துக்கொண்டே போகும். வராத துண்டுக்காக அது காத்திருக்காது.

வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பும்போது நிலைமை வேறு. நடுவில் ஒரு பேக்கெட் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். படம் இரண்டு வினாடி பிந்தித் திறந்தால் யாருக்கும் தெரியாது. பேச்சில் தொலைந்த துண்டைத் திரும்ப அனுப்பினால், அது வந்து சேர்வதற்குள் அந்தச் சொல் முடிந்து அடுத்த வாக்கியம் தொடங்கியிருக்கும்.

இனி வேகக் கணக்கு. குரலை எண்களாக மாற்றும் முறைக்குக் கோடெக் என்று பெயர். அலுவலக போன்களில் பரவலாக உள்ள ஜி.711 என்ற கோடெக்கில் ஒரு பேக்கெட்டுக்கு 160 பைட் குரலும், அதன் மேல் எழுதும் முகவரி விவரம் 40 பைட்டும் இருக்கும். மொத்தம் 200 பைட், வினாடிக்கு 50 முறை. ஒரு பைட்டுக்கு 8 பிட், அதாவது வினாடிக்கு 80,000 பிட், 80 கேபிபிஎஸ். கேபிளில் போகும்போது சேரும் உறையையும் கூட்டினால் சுமார் 87. தாராளமாக 100 என்றே வைத்துக்கொண்டாலும், ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேச ஒவ்வொரு திசையிலும் 1 எம்பிபிஎஸ் போதும். 100 எம்பிபிஎஸ் இணைப்பு உள்ள கடையில் குரல் உடைவதற்கு வேகக் குறைவு காரணமாக இருப்பது அரிது.

ஸ்பீடு டெஸ்ட் இந்த விஷயத்தில் உதவாது. அது சில வினாடி முழுவதற்கும் சராசரி போட்டு ஓர் எண்ணைக் காட்டும். நடுவில் அரை வினாடி எதுவுமே வராமல் நின்றாலும் சராசரியில் அது மறைந்துவிடும். காதுக்கு அந்த அரை வினாடி என்பது ஒரு சொல்.

இதுவரை பார்த்தது: குரல் சிறு பேக்கெட்டுகளாகப் போகிறது, பிந்தியது வீண், மொத்த வேகத் தேவை மிகக் குறைவு.

## மூன்று கோளாறுகள்

குரலைக் கெடுப்பவை மூன்று. முதலாவது தாமதம். நீங்கள் பேசியது அடுத்தவர் காதை எட்ட ஆகும் நேரம் அது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடலுக்கு நல்லது என்கிறது. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று போகும்.

தாமதத்துக்குத் தூரம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபைபரில் ஒளி ஒரு மில்லிவினாடியில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். அதைக் கடக்க 16 மில்லிவினாடிதான். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவோடு பேசும்போது அரை வினாடி இழுக்கிறது என்றால், அந்த நேரத்தைத் தின்றது வங்கக் கடல் அல்ல. வழியில் எங்கோ பேக்கெட் வரிசையில் நின்றிருக்கிறது.

இரண்டாவது ஜிட்டர். தாமதம் ஒரே சீராக இல்லாமல் கூடிக் குறைவதற்கு இந்தப் பெயர். சித்தாட்கள் ஐந்து பேர் சேர்ந்தாற்போல் வருகிறார்கள், பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் இல்லை. இதைச் சமாளிக்கக் கொத்தனார் பக்கத்தில் நாலு கல்லை அடுக்கி வைத்துக்கொள்வார். போனுக்குள்ளும் அப்படி ஓர் அடுக்கு உண்டு, அதற்கு ஜிட்டர் பஃபர் என்று பெயர். பல போன்களில் அது 40 முதல் 60 மில்லிவினாடிக் குரலைச் சேர்த்து வைத்திருக்கும். ஏற்ற இறக்கம் 30 மில்லிவினாடிக்குள் இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பஃபரைத் தாண்டிப் பிந்தும் பேக்கெட் வந்தும் வராததற்குச் சமம். பஃபரைப் பெரிதாக்கினால் போச்சு என்று சிலர் 300 மில்லிவினாடி வைத்துவிடுகிறார்கள். உடைவது நிற்கும், ஆனால் அந்த 300-ம் தாமதத்தில் போய்ச் சேரும்.

மூன்றாவது இழப்பு, பேக்கெட் வந்தே சேராமல் போவது. விட்டுப்போன இடத்தில் முந்தைய ஒலியையே நீட்டி ஒட்டுப்போட போன் முயலும். இரண்டு மூன்று தொடர்ந்து விட்டுப்போனால் அந்த ஒட்டு வெளியே தெரியும். ‘ரோபோ மாதிரிக் கேக்குது’ என்று சொல்வது அந்த ஒட்டைத்தான். இழப்பு ஒரு விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு விழுக்காடு என்றாலே இரண்டு வினாடிக்கு ஒரு பேக்கெட் போகிறது என்று கணக்கு.

## அப்லோடு வரிசை

கடைகளில் குரல் உடைவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உங்கள் கட்டடத்துக்குள் கேபிளில் வேகம் 1,000 எம்பிபிஎஸ். வெளியே போகும் அப்லோடு வேகம் ஒருவேளை 10 எம்பிபிஎஸ். உள்ளே எல்லாம் விசாலம், தெருவாசல் மட்டும் ஒற்றைக் கதவு. அந்தக் கதவின் அருகே, ரவுட்டரிலோ மோடத்திலோ, வெளியேறக் காத்திருக்கும் பேக்கெட்டுகள் வரிசை கட்டும். கோப்பு எதுவும் தொலைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பல ரவுட்டர்கள் இந்த வரிசையை மிக நீளமாக வளரவிடுகின்றன.

அந்த வரிசை 1 எம்பி அளவு வளர்ந்துவிட்டது என்று வையுங்கள். 1 எம்பி என்பது 80 லட்சம் பிட். வினாடிக்கு ஒரு கோடி பிட் போகும் 10 எம்பிபிஎஸ் வாசலில் அது வெளியேற 0.8 வினாடி ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் "வணக்கம்" என்றால், உங்கள் குரல் பேக்கெட் வரிசையின் கடைசியில் போய் நின்று, முக்கால் வினாடி கழித்துத்தான் தெருவுக்கே வரும். வரிசை நிரம்பி வழிந்தால் சில பேக்கெட் கீழே விழும். தாமதம், ஜிட்டர், இழப்பு மூன்றும் ஒரே இடத்தில் பிறக்கின்றன.

வரிசையை நிரப்புவது யார்? கிளவுடுக்குப் படம் அனுப்பும் சிசிடிவி கேமரா, ஒன்றுக்கு 2 முதல் 4 எம்பிபிஎஸ் எடுக்கும். நான்கு கேமரா இருந்தால் 10 எம்பிபிஎஸ் வாசல் அடைந்துவிடும். அடுத்தது கணக்குக் கோப்பைத் தானாக மேலே ஏற்றும் பேக்கப். அதோடு, விடுதி விருந்தினர்கள் மாலை ஊர் சுற்றி வந்து வைஃபையில் சேர்ந்ததும் அவர்கள் போன்கள் அன்றைய படங்களையெல்லாம் தாமாகவே ஏற்றத் தொடங்கும். ‘சாயங்காலம் மட்டும் பிரச்சினை’ என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். டவுன்லோடு 300 என்று விளம்பரப்படுத்தும் திட்டத்தில் அப்லோடு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். சில திட்டங்களில் அது மிகக் குறைவு.

தீர்வு, குரலுக்கு முதல் வழி விடுவது. இந்த அமைப்புக்குக் கியூஓஎஸ் என்று பெயர், வணிக ரவுட்டர்களில் இருக்கும். குரல் பேக்கெட்டின் மேல் ‘46’ என்ற முன்னுரிமை எண்ணைப் போன் எழுதி அனுப்பும். ரவுட்டர் அதைப் பார்த்து வரிசையின் முன்னால் விட வேண்டும். அத்தோடு இன்னொன்றும் செய்தாக வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான்: ரவுட்டரில் அப்லோடு வரம்பை, அளந்த வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்துங்கள். 20 எம்பிபிஎஸ் வந்தால் 17 அல்லது 18 என்று வையுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் வரிசை மோடத்துக்குள் கட்டும். அங்கே உங்கள் முன்னுரிமைக்கு மதிப்பில்லை. பேக்கப்பை இரவு பதினோரு மணிக்கு மாற்றுவதற்கும் கேமராவின் படத்தரத்தைக் குறைப்பதற்கும் காசே செலவில்லை.

சுருக்கமாக: அப்லோடு வாசலில் கட்டும் வரிசைதான் முதல் சந்தேகம். குரலை முன்னால் விட்டு, மொத்தப் போக்கைக் கொஞ்சம் கட்டுப்படுத்தினால் வரிசை கரையும்.

## யார் காதில் உடைகிறது?

கோளாறைத் தேடும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். நீங்கள் பேசுவது எதிரில் இருப்பவருக்கு உடைந்து கேட்கிறது, அவர் பேசுவது உங்களுக்குச் சுத்தமாகக் கேட்கிறது என்றால், கெட்டிருப்பது உங்களிடமிருந்து வெளியே போகும் திசை. அப்லோடைப் பாருங்கள். உங்களுக்கு உடைகிறது, அவருக்கு நன்றாகக் கேட்கிறது என்றால் உங்கள் டவுன்லோடாகவோ அவருடைய அப்லோடாகவோ இருக்கலாம். வேறு நான்கு எண்களோடு பேசிப் பாருங்கள். ஒரே ஒருவரிடம் மட்டும் உடைந்தால் அவர் செல்போன் டவர் பக்கத்துச் சிக்கலாக இருக்கும், உங்கள் ரவுட்டரை நோண்ட வேண்டாம்.

ஒரே கட்டடத்தில் எக்ஸ்டென்ஷனுக்கு எக்ஸ்டென்ஷன் பேசிப் பார்ப்பதும் நல்ல சோதனை. போன்களை ஒன்றோடொன்று இணைத்துவிடும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி உங்கள் இடத்திலேயே இருந்து, உள் அழைப்பும் உடைந்தால், இணைய நிறுவனத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. எக்ஸ்சேஞ்ச் கிளவுடில் இருந்தால் உள் அழைப்பும் வெளியே போய் வரக்கூடும் என்பதால் இந்தச் சோதனை செல்லாது.

## தடித்த சுவரும் வைஃபையும்

செட்டிநாட்டு வீடுகளை விடுதியாகவும் அலுவலகமாகவும் ஆக்கிய இடங்களில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. முகப்பில் ரவுட்டர் இருக்கிறது. வளவு தாண்டி, ரெண்டாங்கட்டு தாண்டி, சமையற்கட்டுக்குப் பக்கத்தில் போன் இருக்கிறது. நடுவில் தடித்த செங்கல் சுவர்கள், இரும்புத் தூண்கள், ஆளுயர நிலைக்கண்ணாடிகள். கண்ணாடியின் பின்பூச்சு உலோகம் என்பதால் அதுவும் அலையைத் தடுக்கும். வைஃபை குறி இரண்டு கோடு காட்டும், யூடியூப் ஓடும், குரல் மட்டும் உடையும். அலை வலுவிழந்த இடத்தில் பேக்கெட்டை மீண்டும் மீண்டும் அனுப்பித்தான் சேர்க்க முடிகிறது, அந்த முயற்சிகள் ஜிட்டராக மாறுகின்றன. தவிர, வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். விருந்தினரின் இருபது போன்களோடு உங்கள் ரிசப்ஷன் போனும் முறைக்குக் காத்திருக்கும்.

மேசைப் போனுக்குக் கேபிள்தான் வழி, இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. காறை பூசிய பழைய சுவரைத் துளைக்க மனம் வராது என்பது நியாயம். கதவு நிலையின் ஓரமாகவோ, மச்சின் மேல் வழியாகவோ கொண்டுபோகலாம். செம்புக் கேபிள் ஓர் ஓட்டத்தில் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலும் இருக்கும் நீள வீடுகளில் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட வேண்டும். நடுவில் கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று வையுங்கள், அல்லது அந்த ஓட்டத்துக்கு ஃபைபர் இழுங்கள். திறந்தவெளி வழியாகப் போவதற்கு ஃபைபரே மேல், இடி மின்னலின் அதிர்வு அதன் வழியே போனுக்கு வராது. கரண்ட் வயரோடு ஒரே குழாயில் கேபிளைச் செருகாதீர்கள். புதுவயல் பக்கத்து அரிசி ஆலைகள் போல மோட்டார் ஓடும் இடங்களில் இதை இன்னும் கண்டிப்பாகப் பாருங்கள். மச்சில் ஓடும் கேபிளை எலி கடித்திருக்கிறதா என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

கேபிள் வழியே மின்சாரமும் கொடுக்கும் ஸ்விட்ச் உண்டு, பிஓஇ ஸ்விட்ச் என்பார்கள். அதையும் ரவுட்டரையும் மோடத்தையும் ஒரே யுபிஎஸ்ஸில் வைத்தால் கரண்ட் போனாலும் எல்லா மேசையிலும் போன் வேலை செய்யும்.

கையில் எடுத்து நடக்கும் கார்ட்லெஸ் போனுக்கு வைஃபை தவிர்க்க முடியாது என்றால், வீட்டின் அந்தப் பகுதியிலேயே, கேபிளில் இணைத்த தனி ஆக்செஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடட்டும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. சமையற்கட்டு மைக்ரோவேவும் அதே அலைவரிசையில்தான் இரையும்.

## ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

இது வேறு சாதி. மணி அடிக்கிறது, எடுக்கிறீர்கள், அவருக்கு நீங்கள் பேசுவது கேட்கிறது, உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உடையவில்லை, முழு மௌனம். இதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அழைப்பை ஏற்படுத்தும் பேச்சுவார்த்தை ஒரு வழியிலும் குரல் இன்னொரு வழியிலும் போகின்றன. முதலாவதற்கு எஸ்ஐபி என்று பெயர். உங்கள் போனுக்குக் கட்டடத்துக்குள் ஒரு முகவரி, வெளியுலகுக்கு ரவுட்டரின் முகவரி. போன் தன் உள்முகவரியை வெளியே சொல்லிவிட்டால், குரல் போய்ச் சேராத இடத்துக்கு அனுப்பப்படும். இதைச் சரிசெய்வதாகச் சொல்லிப் பல ரவுட்டர்களில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்று ஒரு வசதி இருக்கிறது. பெரும்பாலும் அதுவே முகவரியைத் தாறுமாறாக்கும். அதை அணைத்துவிடுங்கள். பிறகு, போன் சேவை நிறுவனம் சொல்லும் குரல் போர்ட்டுகள் (குரல் நுழையும் எண்ணிட்ட வாசல்கள்) ரவுட்டரின் காவல் அமைப்பான ஃபயர்வாலில் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு. ஒவ்வொரு அழைப்பும் சரியாக 32 வினாடியில் துண்டாகிறது என்றால், அழைப்பை எடுத்ததற்கான உறுதிச் செய்தி போய்ச் சேரவில்லை. எஸ்ஐபி விதிப்படி 32 வினாடி பார்த்துவிட்டு முறித்துக்கொள்கிறது. வெளியே பேச முடிகிறது, ஆனால் உள்ளே வரும் அழைப்பு சில நேரம் மணியே அடிப்பதில்லை என்றால், ரவுட்டர் உங்கள் போனை மறந்துவிடுகிறது. போன் அமைப்பில் ‘கீப் அலைவ்’ என்பதை 20 அல்லது 30 வினாடியாக வைத்தால் ரவுட்டருக்கு நினைவு இருக்கும்.

## தன் குரல் திரும்பக் கேட்டால்

எதிரொலியில் பலரும் தவறான ஆளைத் தேடுகிறார்கள். நீங்கள் பேசியது உங்களுக்கே திரும்பக் கேட்டால், கோளாறு பொதுவாக எதிர்முனையில். அவர் ஸ்பீக்கரிலிருந்து வரும் உங்கள் குரலை அவர் மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. அவரை ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கவோ ரிசீவரில் பேசவோ சொல்லுங்கள். பழைய போனை அடாப்டர் மூலம் இணைத்திருக்கும் இடங்களில் அந்த அடாப்டரின் ஒலியளவைக் குறைத்தாலும் அடங்கும்.

## பிங் போட்டுப் பார்ப்பது

கேபிளில் இணைத்த கணினி ஒன்று போதும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியை எழுதுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். மறுபடி இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ‘டி’ எழுத்தும் போட்டால் நிறுத்தும்வரை ஓடும். பிங் என்பது ஒரு பேக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளப்பது. கேபிளில் ரவுட்டர்வரை 1 மில்லிவினாடி அளவில் இருக்க வேண்டும். இங்கேயே 20, 80, 5 என்று தாவினால் கேபிளையும் ஸ்விட்சையும் பாருங்கள்.

அது சரியாக இருந்தால், முகவரி இருக்கும் இடத்தில் கூகுளின் பொது சர்வர் முகவரியான 8.8.8.8 போட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அது ஓடும்போதே இன்னொரு கணினியிலிருந்து ஒரு பெரிய வீடியோவைக் கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன் 25 ஆக இருந்த எண், ஏற்றும்போது 400, 600 என்று எகிறி, முடிந்ததும் பழைய இடத்துக்கு வந்தால் அப்லோடு வரிசைதான் குற்றவாளி. மேலே சொன்ன வரம்பைப் போட்டு மறுபடி இதே சோதனையைச் செய்யுங்கள். எண் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது.

ஒன்றும் ஏற்றாதபோதே 8.8.8.8-க்கு எண் தாவுகிறது, ‘ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று நடுநடுவே வருகிறது, ரவுட்டர்வரை சுத்தமாக இருக்கிறது என்றால் சிக்கல் வெளியே. அப்போது இணைய நிறுவனத்தைக் கூப்பிடலாம். ‘வாய்ஸ் சரியில்ல’ என்றால் அவர்கள் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை, யார் காதில் உடைந்தது, ரவுட்டர்வரை போட்ட பிங், அதே நேரத்தில் வெளியே போட்ட பிங் இரண்டின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் அனுப்பி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். போன் சேவை தருபவர் வேறு நிறுவனமாக இருந்தால், உடைந்த அழைப்பின் எண்ணையும் நிமிடத்தையும் அவருக்குத் தனியாகக் கொடுங்கள். அந்த அழைப்பின் ஜிட்டரும் இழப்பும் அவருடைய பதிவில் இருக்கும்.